மதியம் மாற்றிய காயில்

தங்கச்சி வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையின் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மட்டும் ஈரத்துணியும் பழைய முகப்பவுடரும் கலந்த ஒரு வாடை. தங்கச்சியின் ஸ்கூட்டர் சுவரோரமாக நின்றது. பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்தது. டயரை அழுத்திப் பார்த்தேன், காற்று சரியாகத்தான் இருந்தது.

நான் இருபத்திரண்டு வருட மெக்கானிக். எவனையும் நம்ப மாட்டேன். ஒரு வண்டி வந்தால் முதலில் ஓட்டினவன் மேல் சந்தேகம், அடுத்து விற்றவன் மேல், கடைசியில்தான் வண்டி மேல். "கரண்ட் போனாக்கூட யாரோ பிடுங்கிட்டாங்கன்னு சொல்ற ஆளு நீங்க," என்பாள் என் மனைவி. சிரித்துக்கொள்ளட்டும்.

இந்த வண்டியைத் தங்கச்சி ஒரு மாதத்துக்கு முன்புதான் பழையதாக வாங்கினாள். அவளுடைய சங்கடம் இதுதான்:

"காலையில அட்டைப்பெட்டி கம்பெனி வாசல்கிட்ட நின்னுடுதுண்ணே. கால் மணி நேரம் கழிச்சு உதைச்சா கிளம்பிடுது. ஆனா அதுக்கப்புறம் கனமா இழுக்குது, பின்னாடி ஆள் உக்காந்திருக்கிற மாதிரி. சாயந்தரம் திரும்பி வரும்போதும் அதே இடத்துல நிக்குது. அங்கேர்ந்து வீடு வரைக்கும் பஞ்சா வருது. நான் என்ன பண்ணட்டும்? இன்னொரு நாள் லேட்டா வந்தா வீட்டுலயே இருந்துக்கோன்னு முதலாளி சொல்லிட்டாரு."

அந்தக் கம்பெனி மூடி ஆறு வருடம் ஆகிறது. வாசலில் ஒரு பஸ் நிழற்குடை மட்டும் மிச்சம்.

சூடானால் நின்றுபோவதும் ஆறினால் கிளம்புவதும் இக்னிஷன் காயில் சாகப்போகிற லட்சணம். பிளக்குக்கு நெருப்புப்பொறி அனுப்புகிற சின்னப் பெட்டி அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நானே அதே சாலையில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். நிற்கவே இல்லை. வேலை நாளில் மட்டும் நிற்கிறது என்றால் யாரோ கை வைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

என் சந்தேகம் நேராக மாப்பிள்ளை மேல் போனது. தங்கச்சி புருஷன் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவர். ஒரு வயதுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அவள் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. காயில் மாற்றப் போகிறேன் என்று காலையில் போனில் சொன்னபோது அவர் இழுத்தார்.

"சாயந்தரம் அவ வீட்டுக்கு வந்துடட்டும் மச்சான். இங்க வெச்சு நிதானமா மாத்துங்களேன்."

எதற்கு நிதானம்? ராத்திரி மறுபடி கழற்றவா? இந்த வேலையெல்லாம் என்கிட்டே நடக்காது. மதியமே மாற்றிவிடுவது என்று கிளம்பி வந்துவிட்டேன். அன்றைக்குக் காலையிலும் வண்டி அதே இடத்தில் நின்றுதான் கிளம்பியிருந்தது.

வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் காயில் இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை. வெளிக்கம்பெனி காயில்தான் கிடைத்தது, நீல நிறம், பொறி இன்னும் பலமாக அடிக்கும். பேட்டரி வயரைக் கழற்றினேன். சீட்டுக்குக் கீழே மூடியை எடுத்தேன். பிளக் தொப்பியை உருவி, இரண்டு வயரையும் இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். பழைய காயில் கையோடு வந்தது.

ஜில்லென்று இருந்தது.

அந்தத் தகரக் கொட்டகையில், அந்த வெயிலில்.

புதுக் காயிலின் போல்ட் ஓட்டை அரை நூல் அளவு தள்ளியிருந்தது. அரத்தால் ராவி உட்கார வைத்தேன். ராவும்போது எனக்குப் பின்னால் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. சரக்... சரக்.

"யாருங்க?"

திரும்பிப் பார்த்தேன். வெறும் வண்டிகள்.

பிளக்கை இன்ஜின் மேல் சாய்த்து வைத்து, பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு உதைத்தேன். பொறி நீலமாக வெட்டியது. அதே நொடியில் பின்சீட் கிறீச்சிட்டது. உட்கார்ந்திருக்கிறவர் திடுக்கிட்டு அசைந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் பழக்கம் ஒன்று உண்டு. கழற்றின பழைய காயிலின் வயரை அடியோடு அறுத்துவிடுவேன். இல்லாவிட்டால் எவனாவது துடைத்துப் புதுசென்று விற்பான். அன்றும் கட்டரால் ஒட்ட நறுக்கிப் பைக்குள் போட்டேன். மாப்பிள்ளை தலைகீழாக நின்றாலும் இனி அதை மாட்ட முடியாது.

சாயந்தரம் ஆறரைக்குத் தங்கச்சி போன் செய்தாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அண்ணே, வண்டி எங்கயும் நிக்கல! கம்பெனி வாசல்ல நானே பயந்துகிட்டு வந்தேன், பறந்துடுச்சு!"

"நான் கை வெச்சா சும்மாவா? இழுவை எப்படி?"

"அது மட்டும் அப்படியேதான் இருக்கு. வீட்டு வாசல் வரைக்கும் கனம். இறங்கி ஸ்டாண்டு போடப் போனேன் பாரு, சட்டுனு லேசாகி வண்டியே சாயப் பாத்துச்சு."

"ஞாயித்துக்கிழமை ஷாக் அப்சார்பர் பாத்துடலாம்," என்றேன். சத்தியமாக எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மறுபடி போன்.

"அண்ணே, நேரத்துக்கு வந்துட்டேன். இன்னைக்கு கனமும் இல்ல! வீட்டுலேர்ந்து கடை வரைக்கும் பஞ்சு மாதிரி வந்துச்சு. எல்லாம் சரியாயிடுச்சு!"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

காலையில் நின்றால் கனம். சாயந்தரம் நின்றால் லேசு. ஞாயிற்றுக்கிழமை நிற்பதில்லை, அன்றைக்கு வேலைக்குப் போகிறவர்கள் போவதில்லை. காலையில் அந்த நிழற்குடையில் ஏறியது சாயந்தரம் அங்கேயே இறங்கிக்கொண்டிருந்தது.

ஏறின பிறகு, இறங்குவதற்கு முன்னால், நடுமதியத்தில் நான் போய்க் காயிலை மாற்றினேன். இறங்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை.

பைக்குள் கை விட்டுப் பழைய காயிலை எடுத்தேன். ஒட்ட நறுக்கியிருந்தேன். ஒரு நூல் வயர் கூட மிச்சம் விடவில்லை. சாயந்தரம் வீட்டுக்கு வரட்டும் என்று சொன்ன மனுஷன் பேச்சை நான் கேட்டேனா?

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, வீட்டுல யாரு இருக்கா?"

"யாரு இருப்பாங்க? நானும் பாப்பாவும்தான். என்ன மச்சான், இன்னும் சந்தேகம் தீரலையா?"

"பாப்பா எங்க?"

"உள் ரூம்ல தூங்குது. ஏன், என்னாச்சு?"

"மெஷினை நிறுத்துங்க. நிறுத்துங்கன்னா!"

மெஷின் நின்றது.

சரக்... சரக்...

"மாப்பிள்ளை, நடக்குறீங்களா?"

"இல்லையே. உக்காந்துதானே இருக்கேன்."

செருப்புச் சத்தம் போனை விட்டுத் தள்ளித் தள்ளி, வீட்டுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது.

பிறகு உள் ரூமில் கட்டில் கிறீச்சிட்டது.