காம்பு மட்டும் விட்டு

பால் வரவில்லை.

அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காம்பின் நுனியை உற்றுப் பார்த்தாள். ஆலமரத்தில் எங்கே நறுக்கினாலும் அடுத்த நொடி வெள்ளையாய்ப் பால் துளிர்க்கும். விரலெல்லாம் பிசுபிசுத்து, எத்தனை தேய்த்துக் கழுவினாலும் போகாது. இன்று காம்பும் காய்ந்து கிடந்தது, கத்தரியும் காய்ந்து கிடந்தது. வெயில் கொளுத்துகிறது, அதனால்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

கூடத்து ஜன்னலோரம் பலகைமேல் அகலத் தொட்டியில் இருந்தது அந்தக் குட்டை ஆலமரம், போன்சாய். தம்பி பிறந்த வருஷம் அப்பா ஒரு குச்சியாக ஊன்றியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இரண்டையும் அவள்தான் வளர்த்தாள். தம்பி ஆறடிக்கு மேல் வளர்ந்து லாரி ஓட்டுகிறான். மரத்தை ஒரு முழத்துக்கு மேல் அவள் விடவில்லை. வீடு வீடாகப் போய் மற்றவர்களின் குட்டை மரங்களைப் பராமரிப்பதுதான் அவள் பிழைப்பு; சொந்த மரத்தை இந்த வருஷம் கண்காட்சிக்கு வைக்க ஆசை.

இலைதான் இடித்தது. மரம் முழ உயரம், இலையோ உள்ளங்கை அகலம். சின்னக் குழந்தை பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அதற்கு ஒரு வழி உண்டு. கோடையில் எல்லா இலைகளையும், காம்பு மட்டும் விட்டு, நறுக்கிவிட வேண்டும். மரம் பதறிப்போய் மறுபடி துளிர்க்கும்போது இலைகள் சின்னதாக வரும். நல்ல வலுவான மரத்துக்கு மட்டுமே செய்யலாம். வேரை வெட்டித் தொட்டி மாற்றிய வருஷத்தில் செய்யவே கூடாது.

கோடைக்கு முன்புதான் அவள் வேரை வெட்டியிருந்தாள். வேறு யார் மரமாக இருந்தாலும் கத்தரியை எடுத்திருக்க மாட்டாள். நம் மரம்தானே, தாங்கும் என்று நினைத்தாள்.

"என்னக்கா, அதைப் போய் மொட்டையடிச்சு வச்சிருக்கே?" வாசல் நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்து தம்பி உள்ளே வந்தான். "அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"அழகா வரும், பாரேன்."

"உன் கையில மாட்டினா எதுவும் வளராது. நல்லவேளை, நான் தப்பிச்சேன்."

"நீ எங்கடா தப்பிச்சே? மூணு வேளையும் இங்கதானே வந்து கொட்டிக்கிறே."

சிரித்தான். சிரித்தவன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டான். "ஜன்னலைச் சாத்துக்கா. குளிருது."

வெளியே ரோட்டில் தார் இளகிக் கிடந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இந்த உடம்புக்கா சத்துக் குறைவு?" என்று அவளும் சிரித்தபடிதான் கூட்டிவந்தாள்.

மத்தியான வேளைகளில், மின்விசிறியும் நின்றுபோய் வீடே வெக்கையில் மூச்சடக்கிக் கிடக்கும்போது, கூடத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். டிக். பழுத்த காம்பு ஒன்று உதிர்ந்து தரையில் விழும் சத்தம். அது அவளுக்குப் பழக்கமான சத்தம். இலையை நறுக்கிய பிறகு காம்புகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்வது நல்ல அறிகுறி. ஆனால் ஒருநாள் அதே சத்தம் தம்பியின் அறையிலிருந்தும் வந்தது. டிக். கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

துடைப்பத்தோடு போனாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலடியில் கூட்டி எடுத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

நகங்கள். வெட்டிப் போட்ட துண்டுகள் அல்ல. முழு நகங்கள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா," என்றான் கண்ணைத் திறக்காமலே. "லேசா இருக்கு."

அவன் விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. ரத்தம் இல்லை. ஒரு துளிகூட இல்லை.

அன்று சாயங்காலம் அவளுக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. வேரை வெட்டிய நாள். பாதி வழியில் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தானே. "கால் ரெண்டும் இருக்கிறதே தெரியலக்கா, பிரேக்கைத் தேட வேண்டியிருக்கு" என்றானே. இறுக்கமான ஷூவைப் போட்டுத் தொலைக்காதே என்று அவள்தான் திட்டி அனுப்பினாள்.

அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். இடது கையில், தோளிலிருந்து முழங்கை வரை, ஒரு பள்ளம் சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தது. சீராக. சம இடைவெளியில். பழகிய கை சுற்றியதுபோல்.

அவளுடைய கை.

கூடத்துக்கு ஓடினாள். மரத்தின் இடது கிளையை வளைப்பதற்காக அவள் சுற்றியிருந்த அலுமினியக் கம்பி பட்டையில் புதைந்து கிடந்தது. கம்பியை ஒருபோதும் சுழற்றி எடுக்கக் கூடாது, கிளை முறிந்துவிடும். துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். கத்தரி நுனியைக் கம்பிக்கடியில் செருகி நறுக்கினாள். முதல் துண்டு விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது.

உள்ளே, அறையில், "அப்பாடா" என்றான் தம்பி.

மரத்தைக் கொண்டுபோய் மண்ணில் நட்டுவிடலாமா? அது பாட்டுக்கு வளரட்டும், வானம் வரை வளரட்டும். ஆனால் வேரும் இலையும் போன மரத்தை இன்னொரு முறை பெயர்த்தால் செத்துப்போகும். எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். நிழலில் வை. அளவாகத் தண்ணீர் விடு. காத்திரு. அவ்வளவுதான் செய்யலாம்.

காத்திருந்தாள். கண்காட்சி வந்தது, போனது. தம்பி குளியலறைக்குப் போகும்போது நிலையில் தலை குனிவதை விட்டுவிட்டான். குனியத் தேவை இருக்கவில்லை. பிறகு சட்டைக் கைகள் விரலைத் தாண்டித் தொங்கின. பிறகு அவன் எழுந்திருக்கவே இல்லை. ஒருநாள் மரத்தின் மறுபக்கமும் வெளிச்சம் படட்டும் என்று பழக்க தோஷத்தில் தொட்டியைத் திருப்பிவிட்டாள். அறையில் கட்டில் கிறீச்சிட்டது. போய்ப் பார்த்தால், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

வீடு முழுக்க ஈரமண் வாசனை. எத்தனை முறை துடைத்தாலும்.

ஒரு சாயங்காலம் மரம் துளிர்த்திருந்தது. கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு, பளபளவென்று குட்டி இலைகள். எந்தக் கண்காட்சியிலும் முதல் பரிசு வாங்கும். மரம் பிழைத்துவிட்டது. அவள் தம்ளரில் தண்ணீரை மொண்டுகொண்டு அறைக்கு ஓடினாள்.

"தம்பி, பிழைச்சிட்டேடா."

பாதிக் கட்டில்கூட நிறையாமல் கிடந்தான். முகம் அதே முகம். அதே மீசை. போர்வை விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் புது நகங்கள், ஒவ்வொன்றும் எள்ளளவு.

"அக்கா." குரல் எறும்பு ஊர்வதுபோல் வந்தது. "தண்ணி."

தம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். அவன் தலையை அசைத்தான்.

"இங்க இல்லக்கா. கீழ."

போர்வையை விலக்கினாள்.

பாதங்கள் இருந்த இடத்திலிருந்து நூல் நூலாகப் புறப்பட்டு, மெத்தையைத் துளைத்து, கட்டிலடியில் சடையாய்த் தொங்கித் தரையெங்கும் பரவியிருந்தன. நூற்றுக்கணக்கில். நுனியெல்லாம் வெள்ளை. வேர் நுனி வெள்ளையாக இருந்தால் உயிர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவளுக்குத் தெரியும்.

அவள் கையில் தம்ளர் சரிந்தது. தண்ணீர் சிந்தி அவள் பாதங்களை நனைத்தது.

தரையில் கிடந்த நுனிகள் ஒவ்வொன்றாக ஈரத்தின் பக்கம் திரும்பின. மெல்ல நகர்ந்தன. முதல் நுனி அவள் கட்டைவிரலைத் தொட்டது, தடவியது, நகத்துக்கடியில் வழி தேடியது.

அவள் காலை நகர்த்தவில்லை.