எட்டாத கட்டை

அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தபோது அந்த மூன்று சுரங்களும் ஒன்றாக விழுந்தன. தேவயானியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

இத்தனை வாரமாக அவள் கேட்டது வேறு. கூடத்தில் இலக்கியா பியானோ பழகும்போது இடது கை அந்த இடத்துக்கு வந்ததும் தடுக்கும். அடியில் இருப்பது முதலில், நடுவில் இருப்பது அடுத்து, மேலே இருப்பது கடைசியில் என்று, படியில் உருளும் தகரக் குவளைபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு அந்த மூன்று கட்டைகளையும் ஒரே அழுத்தில் பிடிக்கிற அகலம் இல்லை. இன்று மூன்றும் ஒரே அடியாக விழுந்திருந்தன. மறுபடியும் விழுந்தன. மறுபடியும்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். மின்சாரம் போயிருந்தது. ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெளிச்சத்தில் மகளின் முதுகும் இரட்டைப் பின்னலும் மட்டும் தெரிந்தன. அரியலூரில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு வீடுகளில் எப்போதும் இருக்கும் சுண்ணாம்புத் தூசி வாசனையோடு இன்று ஈரமும் கலந்திருந்தது. நெடுநாள் பூட்டிவைத்த அறையைத் திறந்ததுபோல ஒரு வாசனை.

"எப்படிடி எட்டுச்சு?"

இலக்கியா திரும்பவில்லை. "எட்டிடுச்சும்மா" என்றாள்.

இலக்கியா பழகும் அந்த இசைத்துண்டை, அந்தப் பீஸை, தேர்ந்தெடுத்தது அவள் அப்பா ஜெயப்பிரகாஷ். திருச்சியில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு நடக்கும் தனி வாசிப்புப் போட்டிக்கு இலக்கியாவின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். போன வருடம் அந்தக் கோப்பையை வாங்கியது ஆலை மேனேஜரின் மகள். கிளப்பில் அதை மேஜை நடுவில் வைத்து விருந்து நடத்தியபோது ஜெயப்பிரகாஷ் சிரித்துக்கொண்டே கைதட்டினான். வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. சனிக்கிழமைதோறும் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து கற்றுக்கொடுக்கும் தர்மராஜ் வாத்தியார், இரண்டு பீஸ்களைப் பியானோமேல் விரித்து வைத்து, அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"பாப்பாவுக்கு இது போதும் சார். அழகா வாசிக்கும்."

"அது?"

"அது பெரியவங்க கைக்கு எழுதுனது சார். எடது கை எட்டாது."

"அத வாசிச்சா ஜெயிக்கலாமா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசிச்சா ஜெயிக்கலாம் சார். ஆனா..."

"அப்ப அதான். கை எட்டலன்னா எட்ட வச்சுக்கலாம்."

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் இலக்கியாவின் இடது கை ஊறியது. பிறகு அவன் அதை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தி, விரல்களுக்கு நடுவில் மரத்துண்டுகளைச் செருகினான். இன்று செருகியதைவிட நாளைக்குச் செருகுவது கொஞ்சம் பெரியதாக இருக்கும். மூன்று சுரங்களும் உடைந்து வந்தால் ஒவ்வொரு தடவைக்கும் விரல் முட்டியில் ஸ்கேலால் ஒரு அடி. இலக்கியா அழுவாள். அழுதால் இன்னும் ஒன்று விழும். தேவயானி ஒருமுறை குறுக்கே வந்தாள். "நீ வெந்நி போடு, போ" என்றான். அவள் போட்டாள். தினமும் அவள்தான் போட்டாள். சூடு அதிகமில்லாமல் இருக்க விரல் விட்டுப் பார்ப்பாள். தன்னால் ஆனது அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வாள்.

இப்போது எட்டிவிட்டது. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் மதியம், ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்து ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கியபின், அவள் வழக்கம்போலப் பியானோவைத் துடைக்கப் போனாள். இலக்கியா காலையில் பழகிவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கட்டைகள்மீது வெள்ளைத் தூசி மாவுபோலப் படிந்திருந்தது. சின்ன விரல்களின் தடங்கள் வரிசையாக இருந்தன. தேவயானி குனிந்து பார்த்தாள். இடது ஓரத்தில், அந்த அடிச்சுரத்தின் கட்டையில் தடமே இல்லை. தூசி கலையாமல் இருந்தது. காலையில் அந்தச் சுரம் எத்தனையோ தடவை ஒலித்ததை அவள் சமையலறையிலிருந்து கேட்டிருந்தாள்.

அவள் அந்தக் கட்டையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அவசரமாகத் துணியால் துடைத்தாள்.

சாயங்காலம் தலை பின்னிவிடும்போது கேட்டாள். "அந்தக் கடைசிக் கட்டைய யாருடி அழுத்துறது?"

"அவங்க."

"யாரு?"

"தெரியலம்மா. பக்கத்துல உக்காந்திருக்காங்க." இலக்கியா ரிப்பனை நீட்டினாள். "எட்டாதத நான் அழுத்துறேன், எனக்கு என்ன குடுப்பன்னு கேட்டாங்க. என்ன வேணும்னாலும் எடுத்துக்கங்க, அப்பா அடிக்காம இருந்தா போதும்னு சொன்னேன்."

தேவயானியின் விரல்கள் பின்னலில் சிக்கிக்கொண்டன. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கூடத்தில் ஜெயப்பிரகாஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஸ்கேல் அலமாரிமேல் இருந்தது. நேற்று அதை அவன் எடுக்கவில்லை. இன்றும் எடுக்கவில்லை. மகளின் முட்டிகளில் வீக்கம் வடிந்து, கன்றிப்போயிருந்த இடம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

அவள் ரிப்பனைக் கட்டி முடித்தாள்.

அந்த வாரம் வீட்டில் யாரும் அழவில்லை. பீஸ் ஒவ்வொரு நாளும் வேகமெடுத்தது. அடியில் ஒற்றைச் சுரமாக இருந்தது இரண்டாயிற்று, பிறகு நடுவிலும் யாரோ நுழைந்ததுபோலக் கனத்தது. இலக்கியா வாசிக்கும்போது ஸ்டூலின் மறுபாதி மெத்தை பள்ளமாக இறங்கியிருப்பதைத் தேவயானி பார்த்தாள். பார்த்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பி, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். ஜெயப்பிரகாஷ் மகளுக்கு பிஸ்கட் வாங்கி வந்தான். "பாத்தியா, பழகுனா எல்லாம் வரும்" என்றான்.

முதலில் இடது கைச் சுண்டுவிரல். தோசைக்கல்லில் பட்டும் இலக்கியா கையை எடுக்கவில்லை. தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் தேவயானி திரும்பிப் பார்த்தாள். "வலிக்கலையாடி?" "இல்லம்மா. அது இப்ப எனக்குத் தெரியல." பிறகு மற்ற விரல்கள். பிறகு வலது கை. சோற்றைப் பிசைய முடியவில்லை. பேனா நழுவியது. டம்ளரை இரண்டு முழங்கைகளாலும் அணைத்துத் தூக்கினாள். பியானோ முன்னால் உட்கார்ந்ததும் அதே விரல்கள் ஓடின.

சனிக்கிழமை வந்த தர்மராஜ் வாத்தியார் பாதிவரை கேட்டார். முகம் வெளுத்துப்போய் எழுந்தார். கொண்டுவந்த காப்பியைத் தொடவில்லை. கேட் வரை பின்னாலேயே போன தேவயானியிடம், வீட்டைத் திரும்பிப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசினார்.

"மேடம், பத்து வெரலால இவ்வளவு வாசிக்க முடியாது. இந்தப் பீஸ நிறுத்திடுங்க. அந்த இன்னொன்னு போதும்."

"அவருகிட்ட நீங்களே சொல்லுங்க சார்."

"நான் இனிமே இந்த வூட்டுக்கு வரலங்க."

அவர் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார்.

தேவயானி புருஷனிடம் சொன்னாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயப்பிரகாஷ் மகளைக் கூப்பிட்டு, அவள் உள்ளங்கையைத் தன் நகத்தால் கிள்ளினான். நகம் பதிந்தது. இலக்கியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான். நாளைக்குப் போட்டி முடியட்டும், டாக்டர்ட்ட காட்டலாம்."

"என்னங்க, வேணாங்க. சின்ன பீஸயே வாசிக்கட்டுங்க."

"கப்பு வந்தா எல்லாம் சரியாவும்." அவன் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கடைசியா ஒரு தடவ முழுசா வாசி பாப்பா."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மறுபடியும் மின்சாரம் இல்லை. தேவயானி ஏற்றிவைத்த மெழுகுவத்தி பியானோமேல் ஆடியது. இலக்கியா உட்கார்ந்தாள். பக்கத்தில் மெத்தை மெல்ல இறங்கியது. அந்த ஈர வாசனை கூடமெங்கும் பரவி, நாக்கில் சுண்ணாம்பு ருசியாக ஒட்டிக்கொண்டது.

வாசிப்பு தொடங்கியது.

அவ்வளவு அழகாக அந்த வீட்டில் எதுவும் ஒலித்ததில்லை. ஜெயப்பிரகாஷ் கண்களை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டான். மூன்று சுரங்கள் வந்தன. விழுந்தன. தரை அதிர்ந்தது. தேவயானி மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் வாசிக்கிற குழந்தையின் முகமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ விளையாடுவதை வேடிக்கை பார்ப்பதுபோல இருந்தது. தோள்கள் அசையவில்லை. முழங்கைகள் அசையவில்லை. அதற்குக் கீழே மட்டும்தான் எல்லாம் ஓடியது.

வேகம் கூடியது.

இன்னும் கூடியது.

அவளால் முடியவில்லை. பாய்ந்து போய் மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். எதுவோ பிடித்துக்கொள்ளும், போராட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். எதுவும் பிடிக்கவில்லை. பிள்ளை சுலபமாக வந்துவிட்டாள். கழன்று வந்ததுபோல. பஞ்சுபோல. தேவயானி அவளைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் தோளால் இடித்துத் திறந்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் விழுந்தாள்.

மூச்சு வாங்கியது. பிள்ளை உயிரோடிருந்தாள். மடியில் சூடாக இருந்தாள்.

"ஒன்னுமில்லடி. ஒன்னுமில்ல கண்ணு. அம்மா வந்துட்டேன்."

உள்ளே வாசிப்பு நிற்கவில்லை.

ஒரு சுரம்கூடத் தடுக்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சம் ஜன்னலில் ஆட, இருபது விரல்களின் சத்தத்துக்கு மேலே ஜெயப்பிரகாஷின் குரல் கேட்டது. கண்ணைத் திறக்காமலே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "அப்படித்தான் பாப்பா. நிறுத்தாத. அப்படித்தான்."

தேவயானி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா அழுவதை இலக்கியா பார்த்தாள். பிறகு கண்ணீரைத் துடைத்துவிட இரண்டு கைகளையும் தூக்கினாள். கவுனின் நீளக் கை பின்னுக்குச் சரிந்தது.

ரத்தம் இல்லை. காயம் இல்லை. மணிக்கட்டோடு இரண்டும் முடிந்திருந்தன. பிறந்ததிலிருந்தே அப்படி இருந்ததுபோல வழவழப்பாக, உருண்டையாக, சில்லென்று அவை தேவயானியின் கன்னத்தை மெல்லத் தேய்த்தன.