பழி விழுந்த தலை

சித்தூர் பக்கத்துக் குடிபாலாவில் அந்த வீட்டில் கட்டி வந்தது இரண்டு தலைகளில். பழி விழுந்ததோ மூன்றாவது தலையில்.

அந்த மூன்றாவது தலை பவ்யாவுடையது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இடுப்புவரை முடி வைத்திருந்தவள். பெரியப்பா ஸ்ரீஹரி பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இவர் பிழைச்சு வந்தா புள்ளைங்க மூணு பேருக்கும் திருமலையில மொட்டை போடறேன் சாமி" என்று பெரியம்மா ஸ்வர்ணலதா வேண்டிக்கொண்டார். பெரியப்பா பிழைத்து வந்துவிட்டார். பிள்ளைகளிடம் யார் கேட்டார்கள்?

பெரியம்மாவின் மகன்கள் அஷ்வினும் சஞ்சயும் சிரித்துக்கொண்டே மொட்டை போட்டுக்கொண்டார்கள். பவ்யா தேம்பித் தேம்பி அழுதாள். பெரியம்மா அதைப் பார்த்தார். மறக்கவும் இல்லை.

அஷ்வினின் பின்கழுத்தில் மலைக்குப் போகும் முன்பே ஒரு கட்டி இருந்தது. வெயிலில் கிரிக்கெட் ஆடினால் வரும் கட்டிதானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊர் திரும்பிய பிறகு அவன் தலை முழுக்க முடி வேருக்கு வேர் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பியது. அடுத்து சஞ்சய். அவனுக்கு ஆறு வயதுதான். அவன் காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சீழ்க்கட்டி.

"சாமி குத்தம்" என்றார் பெரியம்மா. "அழுதுக்கினே முடி குடுத்தா சாமி ஏத்துக்குமா? அதான் என் புள்ளைங்க தலையில காட்டுது."

பவ்யாவின் அம்மா யசோதா வாயைத் திறக்கவில்லை. பவ்யாவின் அப்பாவுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. அந்த வீட்டில் பெரியம்மா சொன்னதுதான் சட்டம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலைக்குப் போக வேண்டும். பவ்யா மறுபடி மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும், அழாமல். அதுவரை கட்டிக்கு வேப்பிலையும் மஞ்சளும்தான். குத்தம் தீராமல் ஊசி போட்டால் சாமிக்கு இன்னும் கோபம் வருமாம்.

பவ்யா தலையைத் தடவிப் பார்த்தாள். முடி இப்போதுதான் குச்சி குச்சியாக முளைத்திருந்தது. தெலுங்கில் மொட்டையைக் 'குண்டு' என்பார்கள். பள்ளியில் 'ஏய் குண்டு' என்று கூப்பிடுவதும் இப்போதுதான் குறைந்திருந்தது. மறுபடி முதலிலிருந்தா?

தடவிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. அவள் தலையில் ஒரு பருகூட இல்லையே!

'அழுதது நான். சிரித்தவர்களுக்கு எதற்குக் கட்டி? சாமிக்கு ஆள் மாறிப்போகுமா என்ன?'

மறுநாள் காலையில் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து கவனித்தாள்.

மொட்டை போட்ட நாளிலிருந்து தினமும் பையன்களைக் குளிப்பாட்டி, குளிர்ச்சிக்காகத் தலையில் சந்தனம் பூசுவார் பெரியம்மா. முதலில் அஷ்வின். துண்டால் தலையை அழுத்தித் துடைத்தார். ஒரு கட்டியைப் பிதுக்கினார். சீழைத் துண்டில் துடைத்தார். அந்த விரலையே சந்தனக் கிண்ணத்தில் விட்டுக் குழைத்துப் பூசினார். அடுத்து சஞ்சய். அதே துண்டு. அதே கிண்ணம். அதே விரல்.

பவ்யா சந்தனமே பூசிக்கொள்ளவில்லை. மலையிலிருந்து வந்த கோபத்தில், "என் தலையை யாரும் தொடாதீங்க" என்று சொல்லித் துண்டையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டவள் அவள்.

"பெரியம்மா, அண்ணன் தலையில இருக்கறத எடுத்து நீங்களே தம்பி தலையில பூசறீங்க."

"இன்னா சொன்ன?"

"எல்லாம் ஒரே துண்டு, ஒரே சந்தனம். என் தலைக்குப் பூசல. எனக்குக் கட்டி வரல."

"செய்யறதையும் செஞ்சிட்டு சந்தனத்த கொற சொல்றியா? வாய்க்கொழுப்பு!"

நாற்காலியில் இருந்த பெரியப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் உயிருக்காகத்தான் பவ்யாவின் முடி போனது. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் சஞ்சய் சுருண்டு கிடந்தான்.

"அக்கா, தலகாணியில தல வைக்க முடியல."

பவ்யா நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. காதுக்குப் பின்னால் கழுத்துவரை வீங்கியிருந்தது. இனி யார் சொன்னது சரி என்று சண்டை போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவள் நேராக அடுப்படிக்குப் போனாள்.

"பெரியம்மா, ஞாயித்துக்கிழமை நான் மலைக்கு வரேன். மொட்டை போட்டுக்கறேன். அழ மாட்டேன்."

பெரியம்மா ஆச்சரியமாகத் திரும்பினார்.

"ஆனா தம்பிய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போகணும்."

சொல்லும்போதே வந்த அழுகையை உதட்டைக் கடித்து அடக்கினாள். பெரியம்மாவுக்கு அது தெரியவில்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

"சரி, ஆட்டோவக் கூப்புடு" என்றார்.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு இதப் பிதுக்கினது?"

பெரியம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"முடி வேர்ல கிருமி போயிருக்கு. மொட்டை அடிச்ச தலையில சின்னச் சின்னக் கீறல் இருக்கும், சுலபமா உள்ள போயிடும். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"அண்ணனுக்கு இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே துண்டு" என்றாள் பவ்யா.

"அதான் ஒட்டிக்கிச்சு. இனிமே ஆளுக்கொரு துண்டு. கட்டியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவணும். இன்னும் தாமதம் பண்ணியிருந்தா கிருமி ரத்தத்துல கலந்திருக்கும்மா. உசுருக்கே ஆபத்து."

டாக்டரம்மா கட்டியைக் கீறிச் சீழை எடுத்தபோது சஞ்சய் போட்ட கூச்சலில் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் பிடித்திருந்தது தன் அம்மாவின் கையை அல்ல, பவ்யாவின் கையை.

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியம்மா ஒரு வார்த்தை சொல்வார் என்று பவ்யா காத்திருந்தாள். வீடுதான் வந்தது.

அதன்பின் துண்டுகள் கொதிக்கும் தண்ணீரில் அலசப்பட்டன. சந்தனக் கிண்ணம் பரணுக்குப் போனது. மாத்திரையில் சஞ்சயின் காய்ச்சல் விட்டது. அஷ்வினின் தலையும் ஆறத் தொடங்கியது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சாமிக்குச் சொன்னா சொன்னதுதான். கெளம்பு."

பவ்யா குளித்துத் தயாராகத்தான் இருந்தாள். கொடுத்த வாக்கை மீறும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"வரேன் பெரியம்மா. ஆனா அன்னிக்கு நீங்க மூணு கத்திரிதானே குடுத்தீங்க?"

மலையில் பெண்கள் மொட்டைக்குப் பதிலாக முடி நுனியில் மூன்று முறை கத்தரித்துக்கொள்வது உண்டு. பெரியம்மாவின் பங்கு அந்த மூன்று கத்திரியோடு முடிந்திருந்தது.

"இந்த வாட்டி நீங்களும் முழுசா குடுத்துடுங்க. உங்க புள்ளைங்களுக்குத்தானே. நானும் அழல, நீங்களும் அழ வேணாம்."

பெரியம்மாவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

அம்மா யசோதா அன்றுதான் வாயைத் திறந்தார். "நல்லாத்தான் சொல்றா அக்கா."

"இன்னிக்கு... மலையில கூட்டமா இருக்கும்" என்று பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார் பெரியம்மா. மலையில் கூட்டம் அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறையவே இல்லை.

பவ்யாவின் முடி பிழைத்தது. ஆனால், 'தப்பு என்மேலதான்' என்று மட்டும் பெரியம்மா சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டு கமலம்மா கேட்டபோது, "எப்படியோ சாமி காப்பாத்திச்சு" என்றார். பவ்யாவுக்கு அதுதான் மொட்டை போட்டதைவிட அதிகமாக வலித்தது.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் சஞ்சய் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, நீ அழுததாலதான் எனக்குக் கட்டி வந்துச்சுன்னு ஸ்கூல்ல சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"அப்போ இல்லன்னு சொல்லு."

"எல்லார்கிட்டயுமா?"

"ஆமா."

சஞ்சய் பெருமூச்சு விட்டான்.

பிரேயர் முடிந்து வரிசை கலையும் நேரம். தலையில் கட்டோடு அவன் குடுகுடுவென்று ஓடிப்போய் மேடையில் ஏறினான். எல்லாருக்கும் கேட்கும்படி தெலுங்கில் கத்தினான்.

"எங்க அக்கா அழுததால எனக்குக் கட்டி வரல! எங்க வீட்டுத் துண்டாலதான் வந்துச்சு!"

"டேய், இறங்குடா!" என்று டீச்சர் அதட்டினார். கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறை கத்திவிட்டுத்தான் அவன் இறங்கினான்.

பவ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. இந்த முறை அவள் அதை அடக்கிக்கொள்ளவில்லை.