இன்னொரு ரோல்ஸ் எடும், தம்பி!

டெலிபோன் அலறியது!

சிவாஜினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமல் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மேடம்! கொலைகாரன் மாட்டிக்கிட்டான்!"

சென்னையிலிருந்து நமச்சிவாயம். அவளுடைய மர்ம நாவல்களை மொபைல் ஆப்பில் தொடராக வெளியிடும் பதிப்பாசிரியர். அவர் நல்ல செய்தி சொல்லக் கூப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை.

"ஆர்?"

"உங்க கதைல வர்ற பல் டாக்டர்! அவன்தான் கொலைகாரன்னு அந்த 'முடிச்சு' சேனல்காரன் சொல்லிட்டான் மேடம்! ஊரே பாத்து முடிச்சாச்சு!"

கத்தி நழுவி விரலில் பட்டது. இரத்தம் எட்டிப் பார்த்தது.

பல் டாக்டர்தான். சந்தேகமே இல்லை. சிவாஜினி மனதில் வைத்திருந்ததும் அவனைத்தான்!

ஆனால்...

"நமச்சிவாயம்... கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் எழுதவே இல்லையே!"

"என்னது?!"

"ஒரு வரி எழுதேல்லை. ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை. என்ட மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்குது!"



"அப்போ ஓட்டை உங்க மண்டைலதான் மேடம்!"

சிவாஜினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாவலிலும் இதே கூத்து! கடைசி அத்தியாயம் வெளிவருவதற்கு முதல்நாள், அந்த 'முடிச்சு' ஆசாமி கொலைகாரன் பெயரைப் போட்டு உடைத்துவிடுவான். முகம் காட்ட மாட்டான். குரலையும் மாற்றிப் பேசுவான். ஆனால் ஒரு தடவைகூடத் தவறியதில்லை, பாவி!

பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தாள். கணவரிடம் ஒரு பொய் முடிவைச் சொல்லிப் பார்த்தாள். நமச்சிவாயத்திடம் வேறொரு பொய். கடைசியில் எழுதாமலே விட்டுப் பார்த்தாள்.

எழுதாததையும் கண்டுபிடித்துவிட்டான்!

"மேடம், நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடைசி அத்தியாயம் ஆப்ல ஏறணும். ஆனா யாரு தொறந்து பாப்பா? முதலாளி கறாரா சொல்லிட்டாரு. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா இனிமே உங்க தொடரே கிடையாது."

"நிப்பாட்டப் போறீங்களோ?"

"என் கைல என்ன இருக்கு மேடம்? இன்னைக்கு அந்த சரத் பேட்டி எடுக்க வர்றாருல்ல? உங்க எழுத்துப் பழக்கம் அது இதுன்னு கேப்பாரு. நல்லா பேசி அனுப்புங்க. கொஞ்சம் விளம்பரமாவது மிஞ்சட்டும்."

"ஓம். வடிவாக் கவனிச்சு அனுப்புறன்."

ஃபோனை வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

ஷபனேல் தெருத் தொழிற்சாலையில் ஜீன்ஸுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே மனதுக்குள் ஆட்களைத் தீர்த்துக்கட்டியவள் அவள். சூப்பர்வைசர் பிரெஞ்சில் திட்டத் திட்ட, அவரையே பிணமாக்கி முதல் நாவலை எழுதினாள். அறுபது வயதில்தான் பெயர் வந்தது. கோயிலில் தெரியாத பெண்கள் கையைப் பிடித்து, 'அடுத்தது ஆரைக் கொல்லப் போறியள்?' என்று கேட்கிறார்கள். அதைப் போய் ஒருத்தன் பறிப்பதா? நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. ஆட்டிறைச்சி ரோல்ஸை ஒவ்வொன்றாக இறக்கினாள். பொரிந்ததை இரண்டு தட்டுகளில் பிரித்தாள். ஒன்று மேசைக்கு. மற்றது ஓவனுக்குள்.

காலிங்பெல்!

சரத் வந்துவிட்டான்.

சென்னைப் பையன். டவுன்டவுனில் ஏதோ ஐ.டி. கம்பெனி, லவாலில் வாசம். வாசலில் பனி அப்பிய பூட்ஸைக் கழற்றினான். வீட்டுச் சூட்டுக்குக் கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்து, கொஞ்ச நேரம் குருடனாக நின்றான்.

"வாரும் தம்பி, வாரும். வெளியில சரியான குளிர் என்ன? இரும். முதல்ல சாப்பிடும்."

"பரவால்ல ஆன்ட்டி, பேட்டிய முடிச்சுட்டு..."

"பேட்டி ஓடிப்போகாது. ரோல்ஸ் ஆறிப்போகும்!"

யாழ்ப்பாணத்து வீட்டில் வேண்டாம் என்று சொல்லித் தப்பியவர் யார்? சரத் ஒன்றை எடுத்துக் கடித்தான். கண்கள் விரிந்தன.

"செம்ம காரம்! ஆனா சூப்பர் ஆன்ட்டி!"

"உறைப்பு இல்லாட்டி அது ரோல்ஸோ? இன்னொண்டு எடும், தம்பி."

வாசனை பிடித்து, உள்ளறையிலிருந்து பேரின்பநாதன் வந்தார். அவள் கணவர். பென்ஷன் எடுத்த நாளிலிருந்து அவருக்கு எல்லாக் கிழமையும் ஞாயிறுதான். வந்த வேகத்தில் கை தட்டை நோக்கி நீண்டது.

பட்!

"கையை எடுங்கோ! இண்டைக்கு வெள்ளி! மச்சம் மாமிசம் கூடாது!"

"வெள்ளியோ? அதுக்குள்ள வந்திட்டுதோ?"

"நீங்கள் நித்திரை கொண்டா கிழமை நிக்குமோ? பால் முடிஞ்சுது, டெப்பனர் கடைக்குப் போட்டு வாங்கோ. வழுக்கும், ஆறுதலாப் போங்கோ."

பேரின்பநாதன் ரோல்ஸை ஏக்கத்தோடு பார்த்தார். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, "வெள்ளியாம்..." என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார்.

சரத் ஃபோனை மேசையில் வைத்து ரெக்கார்டரைத் தட்டினான்.

"ஆன்ட்டி, நீங்க எப்ப எழுதுவீங்க?"

"சமைச்சுச் சாப்பிட்ட பிறகு. குசினி மேசையில லாப்டாப்பை வைச்சு, நிண்டுகொண்டுதான் எழுதுவன். வெறும் வயித்தோட என்னால ஒரு ஆளைக் கொல்ல ஏலாது, தம்பி."

"கதை எங்கேருந்து கிடைக்குது?"

"மெட்ரோவில. ஒரேஞ்ச் லைனில ஏறி கடைசி ஸ்டேஷன் மொன்மொரென்சி வரைக்கும் போய்த் திரும்பி வருவன். முன்னுக்கு இருக்கிற ஆளை வடிவாப் பார்ப்பன். இவர் ஆரைக் கொலை செய்திருப்பார் எண்டு யோசிப்பன். நல்ல சிரிச்ச முகம் எண்டா, நிச்சயம் பெஞ்சாதியைத்தான்!"

சரத் சிரித்தான். விக்கலும் சிரிப்பும் கலந்த மாதிரி ஒரு சத்தம்.

ஹிக்... ஹிக்... ஹிக்...

சிவாஜினி புன்னகைத்தாள். தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர்?"

"கொலைகாரன் ஆரெண்டு கடைசி வரைக்கும் என்னை அலைய வைக்கிற ஆர் எண்டாலும் பிடிக்கும். முந்தியே சொல்லிப்போடுற ஆக்களைக் கண்ணில காட்டக் கூடாது."

"பிடிச்ச ஆயுதம்?"

"தெரிஞ்ச ஆள்."

"புரியல ஆன்ட்டி."

"கத்தி எண்டா தரை துடைக்க வேணும். துவக்கு எண்டா கீழ்வீட்டுக்காரி பொலிசுக்கு ஃபோன் அடிச்சுப்போடுவாள். மிக்ஸி போட்டாலே கூட்டுற தும்புத்தடியால கூரையில இடிக்கிறவள்! தெரியாதவன் பிடிக்கிற கத்தியைவிட, தெரிஞ்ச ஆள் தாற தேத்தண்ணி பயங்கரம், தம்பி."

சரத் தன் முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தான். கேலியாக அதைத் தள்ளி வைத்தான்.

"அப்ப டீ வேணாம்ப்பா! ரோல்ஸே போதும்! ஹிக்... ஹிக்..."

இன்னொன்றை எடுத்துக் கடித்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஹீட்டர் வேறு கொதித்தது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டான்.

"இனி நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றாள் சிவாஜினி.

"கேளுங்க ஆன்ட்டி."

"பல் டாக்டர்தான் கொலைகாரன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

கடித்த வாய் அப்படியே நின்றது!

"எ... எனக்கா?"

"உமக்குத்தான். 'முடிச்சு' சேனல் உம்மடைதானே? குரலை மாத்தினீர். சிரிப்பை மாத்த மறந்திட்டீர். போன கிழமை பேட்டிக்கு நேரம் கேட்டு ஃபோன் பண்ணேக்கையே பிடிச்சிட்டன்."

சரத் சட்டென்று ரெக்கார்டரை அணைத்தான். முகம் வெளிறியது. பிறகு மெல்ல ஒரு பெருமைச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"சாரி ஆன்ட்டி... இது ரெக்கார்டாக வேணாம். நான் இங்க வர்றதே யாருக்கும் தெரியாது, நமச்சிவாயம் சாரைத் தவிர. அவருக்கும் நான்தான் 'முடிச்சு'ன்னு தெரியாது."

"நல்லது. இப்ப சொல்லும். என்ட கம்ப்யூட்டருக்குள்ள பூந்தனீரோ?"

"ஐயோ, சத்தியமா இல்ல!"

"அப்ப எப்பிடி? நான் எழுதவே இல்லையே! நித்திரையில புலம்பினனானோ? சொல்லும் தம்பி, எனக்கு மண்டை வெடிக்குது!"

மேசையில் குத்தினாள். கீழ்வீட்டிலிருந்து தும்புத்தடி டொக் டொக்கென்று பதில் சொன்னது.

சரத் முன்னால் சாய்ந்தான். நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. தண்ணீரைக் குடித்தான்.

"ரொம்ப சிம்பிள் ஆன்ட்டி. உங்க கதைல எல்லாரும் சாப்பிடுவாங்க."

"என்ன?"

"இன்ஸ்பெக்டர் இடியாப்பம் சாப்பிடுவார். வேலைக்காரி பாண் சாப்பிடுவா. சாகப்போறவனுக்குக்கூட புட்டும் மீன் குழம்பும் போட்டுத்தான் சாக விடுவீங்க! கொலைகாரன் மட்டும் எதுவுமே சாப்பிட மாட்டான்!"

சிவாஜினி உறைந்து நின்றாள்.

"முதல் நாவல்ல அந்த வக்கீல் ஞாபகம் இருக்கா? கல்யாண வீட்டுக்கு வருவான், ஆனா பந்தில உக்கார மாட்டான். அடுத்ததுல அந்த நர்ஸ், டிபன் பாக்ஸை மூடியே வெச்சிருப்பா. இந்தப் பல் டாக்டருக்கு எப்பப் பாத்தாலும் பல்வலி! இதே கதைல வர்ற மாமியோ பக்கத்துக்குப் பக்கம் தின்னுட்டே இருப்பாங்க. நான் கதையே படிக்கறதில்ல ஆன்ட்டி. யார் சாப்பிடலன்னு மட்டும் பாப்பேன்!"

வக்கீல்... நர்ஸ்... பல் டாக்டர்...

ஐயோ! உண்மைதான்!

கொலைகாரனுக்குத் தன் கையால் சோறு போட அவளுக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. போடவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது! ஊரெல்லாம் திருடனைத் தேடினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டாள். காட்டிக்கொடுத்தது அவளுடைய சமையல்தான்!

"தம்பி..." என்றாள். "இதைப் போன கிழமை ஃபோனிலயே சொல்லியிருக்கக் கூடாதோ?"

"ஏன் ஆன்ட்டி?"

சிவாஜினி தலையில் கை வைத்தபடி நின்றாள்.

சரத் அவளைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். அவன் தட்டில் ரோல்ஸ் துணுக்குகள். அவள் பக்கம் தட்டே இல்லை.

"ஆன்ட்டி... நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே?"

"இண்டைக்கு வெள்ளியெல்லோ தம்பி."

"ஓ... ஆமால்ல. ஹிக்..."

நிம்மதியாகச் சிரிக்கப் பார்த்தான். மேசையில் கிடந்த ஃபோன் திரையில் பார்வை விழுந்தது.

வியாழன்!

உதட்டைத் தொட்டுப் பார்த்தான். உதடு இருந்தது, உணர்ச்சி இல்லை.

"ஆன்ட்டி... இது... காரம்தானே?"

"உறைப்பும் இருக்குது."

"ஆம்... ஆம்புலன்ஸ்..."

ஃபோனை எட்டினான். விரல்கள் கேட்கவில்லை. கண்ணாடி கழன்று தட்டில் விழுந்தது. அதன் மேலேயே தலையும் விழுந்தது.

"அநியாயம்!" என்றாள் சிவாஜினி எரிச்சலோடு. "முந்தியே வாயைத் திறந்திருந்தா ஒரு கொலை மிச்சமெல்லோ!"

லாப்டாப்பைத் திறந்தாள். வெளிவந்த அத்தியாயங்களில் பல் டாக்டர் பட்டினி கிடந்தது கிடந்ததுதான். அதை இனி மாற்ற முடியாது. ஆனால் கொலைகாரனை மாற்றலாமே! பக்கத்துக்குப் பக்கம் தின்ற அந்த மாமிதான் கொலைகாரி! எவன் கண்டுபிடிப்பான்?

'கொலையை முடித்துவிட்டு மாமி...'

விரல்கள் நின்றன. மாமி சாப்பிட வேண்டும். வரி வரவில்லை! ஆளைக் கொன்ற கையால் எப்படிச் சாப்பிடுவது? சிவாஜினி பல்லைக் கடித்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தாள். வயிறு வேறு இரைந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படவில்லை. வெறும் வயிற்றோடு அவள் செய்த முதல் கொலை!

ஓவனைத் திறந்தாள். உள்ளே மற்றத் தட்டு சூடாகக் காத்திருந்தது. இதில் உறைப்பு மட்டும்தான்.

ஒரு ரோல்ஸை எடுத்தாள். தயங்கினாள். கடித்தாள்.

அட... இறங்குகிறதே!

ஒரு கையில் ரோல்ஸ். மறு கை கீபோர்டில் பறந்தது. கடைசி அத்தியாயம் கடகடவென்று ஓடியது. முற்றும் போட்டாள். நமச்சிவாயத்துக்கு அனுப்பினாள்.

கதவு திறந்தது. பால் பையோடு பேரின்பநாதன்.

"என்ன, தம்பி நித்திரையோ?"

"கனக்கச் சாப்பிட்டிட்டார்."

பேரின்பநாதன் அவள் வாயைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பால் பை கீழே விழுந்தது.

"என்னப்பா நீ... மச்சம் தின்னுறாய்? வெள்ளிக்கிழமையெல்லோ!"

சிவாஜினி உதட்டைத் துடைத்தாள். ஓவன் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"வெள்ளி கிடக்கட்டும். சாப்பிடுற ஆக்களை ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம். கெதியா நீங்களும் தின்னுங்கோ... பொலிஸ் வரேக்கை ரெண்டு பேற்ற வாயும் அசைய வேணும்!"