துணைவிரல்

செல்வராணி சேலையை ஒதுக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நேத்து இந்தப் பக்கம் போட்டோம். இன்னைக்கு இங்கன குத்துவோம்."

"சோறு?" என்றாள் மகள் ரொசாலி.

"தட்டுல போட்டாச்சி. சக்கரையும் பாத்துட்டேன். ஏட்டி, விரல வை."

இன்சுலின் பேனாவில் இரண்டு விரல்பதிப்பான்கள் இருந்தன. ஒன்றில் தாயின் கட்டைவிரல், மற்றதில் மகளுடையது. இரண்டும் சேர்ந்தால்தான் பச்சை விளக்கு எரியும், மருந்து இறங்கும். செல்வராணி தானே குத்தி, பத்து வரை எண்ணி, பேனாவை எடுத்தாள். ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

வெக்கை ஆண்டுகளில், தனியாகக் கிடந்த முதியவர்கள் பலர் போட்ட ஊசியை மறந்து மறுபடி போட்டார்கள். சாப்பிடாமலும் போட்டார்கள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, கேட்க ஆளில்லாமல் செத்தார்கள். அதன்பின் வந்ததுதான் துணைவிரல் சட்டம். பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்து விரல் வைக்க வேண்டும். பிள்ளை இல்லாதவர்களுக்கு அரசுக் காப்பகத்தில் ஊழியர்கள் விரல் வைப்பார்கள். பிள்ளை இருக்கிற யாரையும் காப்பகம் சேர்த்துக்கொள்ளாது. கவனிக்காத பிள்ளை என்று முடிவானால் மட்டும் சேர்க்கும். அப்புறம் அந்தப் பிள்ளை அவர்களைப் போய்ப் பார்க்கவே சட்டம் விடாது.

மாத்திரை கேட்காமல் போய் டாக்டர் இன்சுலின் எழுதிய அன்று, செல்வராணி ஊசியைப் பார்த்து அழுதாள். ரொசாலி புது ஊசி ஒன்றை, மருந்தில்லாமல், தன் வயிற்றிலேயே குத்திக் காட்டினாள். "எறும்புக் கடிதாம்மா." கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால் ஊசி பக்கமே போகக் கூடாது, முதலில் குளுக்கோஸ் தண்ணீர் என்று பழக்கினாள். சில வாரங்களில் தாய் தேறிவிட்டாள். பேனாவுக்குத்தான் அவள்மேல் நம்பிக்கை வரவில்லை.

ரொசாலி தூத்துக்குடிக்கு அப்பால், நடுக்கடல் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்த்தவள். போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும். அந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் துருப்பிடித்த போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. பாத்திரங்களை மட்டும் ஓங்கி வைத்தாள். செல்வராணிக்குப் புரிய அது போதுமாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் கடல் சாலைக்குள் ஏறிவிட்டது. கிட்டங்கிக்குப் போனவள் மறுநாள்தான் வீடு வந்து சேர முடிந்தது. செல்வராணி பேனாவைக் கையில் பிடித்தபடி, சர்க்கரை ஏறி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். எத்தனை அலகு, எங்கே குத்த வேண்டும் எல்லாம் அவளுக்குத் தெரியும். பேனா மட்டும் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது: "துணைவிரல் தேவை."

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் செல்வராணி சொன்னாள்: "ஏட்டி, நீ கடலுக்குப் போ."

"ஒன்ன விட்டுட்டா?"

"நான் பாத்துக்கிடுதேன்."

"பேசாம கெடம்மா" என்று ரொசாலி அதட்டினாள்.

இரண்டு நாள் கழித்து, முதியோர் காப்புத்துறை அதிகாரி ஒருவர் கட்டிலருகே வந்து நின்றார். இளைஞர். சங்கடப்பட்டுக்கொண்டே பேசினார்.

"உங்க அம்மா புகார் குடுத்திருக்காங்க. அன்னைக்கு நீங்க வேணும்னே வரலையாம். முன்னாடியும் பல தடவ இப்படித்தானாம்."

ரொசாலி தாயைப் பார்த்தாள். செல்வராணி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

"நீங்க மறுக்கலாம். ரோட்டுல தண்ணி ஏறினது ஊருக்கே தெரியும். மறுத்தா, அம்மாவ உங்ககூட வீட்டுக்கே அனுப்பிருவோம். சொல்லுங்க, அவங்க சொல்றது உண்மை..."

"ஆமா."

அவர் கேள்வியை முடிக்கக்கூட இல்லை. செல்வராணி மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். பொய்ப் புகாரைச் சொன்னவள் அவள்தான், மகளுக்காகத்தான் சொன்னாள். ஆனாலும் மகள் ஒரு தடவையாவது மறுப்பாள், தான் அழுத்திச் சொல்லி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள் போல.

"அதான் சொல்லிட்டால்லா. எழுதிக்கிடுங்க சார்" என்றாள்.

மறுவாரம் செல்வராணி காப்பகத்துக்குப் போனாள்; ரொசாலி காற்றாலைப் படகில் ஏறினாள். கரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உறுதியாக இருந்தாள். பார்க்கத் தோன்றவும் இல்லை. துறைமுகம் மறைந்ததும் அவளுக்கு நல்ல பசி எடுத்தது. மீன்குழம்பும் சோறும் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.