பூட்டிய அறையில் நாற்பத்திரண்டு விதைகள்

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் வேலை போயிடும் மேடம். வேலை போனாக்கூடப் பரவாயில்லை. திருடிங்கிற பேரோட போகணுமே, அதைத்தான் தாங்க முடியலை."

வந்தவர் விதைக் காப்பகத்தில் உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண். பேசப் பேசக் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர்கள் துப்பறியும் தங்கையும் அவளுக்கு ஒத்தாசையாக இருக்கும் அண்ணனும். தங்கைக்கு ஊரார் வைத்த பெயர் நிதானம், அண்ணனுக்கு அவசரம். பெயர் வைத்தவர்கள் வாய்க்குச் சர்க்கரை போடலாம். அந்தப் பெண் மூச்சு விடுவதற்குள் அவசரம் செருப்பை மாட்டிவிட்டார்.

"உட்காரு அண்ணா. என்ன காணாமப் போச்சுன்னே இன்னும் தெரியலை" என்றாள் நிதானம்.

காணாமல் போனவை நாற்பத்திரண்டு விதைகள். மலைப்புதர் ஒன்றின் விதைகள். அந்த வகையில் மிச்சமிருந்த ஒரே செடியும் போன மாதம் பட்டுப்போயிற்று.

"மூணு வருஷமா முளைக்க வைக்கப் பார்க்கிறோம், ஒண்ணுகூடக் கண் திறக்கலை. கடைசியா எடுத்ததையெல்லாம் தட்டுல காய வச்சேன். மகளுக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு. வந்து பார்த்தா தட்டு காலி, பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு இயக்குநர் சார்கிட்ட. பத்து நாள் விசாரிச்சுட்டு நான்தான்னு முடிவு பண்ணிட்டாங்க."

"விதை எப்படி இருக்கும்?"

"கடுகு மாதிரி கறுப்பா. நுனியில மட்டும் மெழுகு ஒட்டின மாதிரி வெள்ளையா ஒரு பிசிறு."

காப்பகத்தில் இயக்குநர் வாசலிலேயே நின்றிருந்தார். சட்டைப் பையில் ஒரு கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

உலர்த்தும் அறையில் ஒரே ஒரு நீள மேசை, ஜன்னலை ஒட்டி. அதன் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. ஜன்னல் திரை மேசையின் பின் விளிம்பில் மடிந்து கிடந்தது. மேசைமேல் இரண்டு தட்டுகள். ஒன்றில் வெறும் காகிதம், ஒரு சுருக்கம்கூட இல்லை. மற்றதில் சிவப்பு விதைகள், பளபளவென்று, பார்த்தால் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

அவசரம் ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அரிசி நுழையும் அளவுக்கு ஒரு விரிசல், அவ்வளவுதான். "எலி வராது, பூனை வராது. சாவிக்காரர்தான்" என்று கிசுகிசுத்து, இயக்குநரைக் கண்ணால் காட்டினார்.

நிதானம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையின் நடுவே நான்கு வட்டக் கறைகள்.

"மேசை எப்பவும் இங்கேதானா?"

அந்தப் பெண் திடுக்கிட்டார். "நடுவுலதான் இருக்கும். தட்டு காலியா இருந்ததைப் பார்த்த அதிர்ச்சியில நான் மேசையைக் கவனிக்கவே இல்லை. அதுக்கப்புறம் என்னை உள்ளேயே விடலை."

"நான்தான் நகர்த்தினேன்" என்றார் இயக்குநர். "இவங்க லீவுல இருந்தப்ப படம் எடுக்க வெளிச்சம் வேணும்னு. கிண்ணத்தை வச்சு தண்ணியும் ஊத்திட்டேனே!"

"காலைத் தண்ணியில வச்சீங்க சார், முதுகைத் திரையில சாய்ச்சுட்டீங்க. அந்த வகை விதை ஒண்ணாவது மிச்சம் இருக்கா?"

இருந்தது. மாதிரிக்கென்று கண்ணாடிக் குப்பியில் ஒன்று. அதை ஜன்னல் விளிம்பில் வைக்கவேண்டும் என்று நிதானம் சொன்னதும் இயக்குநரின் முகம் வெளுத்தது. "அது போனா இந்தச் செடியே இல்லைன்னு ஆயிடும்!"

"வையுங்க மேடம்" என்றார் அந்தப் பெண்.

கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓர் எறும்பு வந்தது. முகர்ந்தது, போயிற்று. நான்கு பேரோடு திரும்பியது. வெள்ளைப் பிசிறைக் கவ்வி, விதையை இழுத்துக்கொண்டு விரிசலில் மறைந்தது. பெரியவர்கள் நால்வரும் வெளியே ஓடி, சுவரோரமாக முதுகு வளைத்து அதன் பின்னாலேயே நடந்தார்கள். கட்டடத்தின் பின்புறம், ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு புற்றுக்குள் விதை இறங்கியது.

"போச்சு!" அவசரம் தலையில் கை வைத்தார்.

"பொறு அண்ணா" என்று நிதானம் உட்கார்ந்தாள். "சிவப்பு விதையை விட்டுட்டு இதை மட்டும் எடுத்தவனுக்கு அழகு தேவையில்லை, அந்த வெள்ளைப் பிசிறுதான் தேவை. காகிதத்தைக் கசக்காம எடுத்தவனுக்குக் கையும் இல்லை. கிண்ணத்துத் தண்ணியைத் தாண்ட முடியாத எறும்புக்கு அந்தத் திரையே பாலமாயிடுச்சு. அந்தப் பிசிறு கொழுப்பு, எறும்புக்குத் தீனி. விதை ஓட்டை அதால உடைக்க முடியாது. செடிக்குக் கால் கிடையாதே! அதனால சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து ஆள் வச்சுப் பிள்ளைங்களை அனுப்புது. எறும்பு தின்னுட்டு மிச்சத்தை எங்கே போடும்? குப்பையிலதான்."

புற்று வாசலுக்கு ஒரு சாண் தள்ளி உமியும் பூச்சிச் சிறகுமாக ஒரு சின்னக் குவியல். அதில் கறுப்புக் கறுப்பாக விதைகள், வெள்ளைப் பிசிறு இல்லாமல், சுத்தமாக. நடுவே மூன்று இடங்களில் இரண்டிரண்டு இலை விட்டு, நகக்கண் உயரத்துக்குப் பச்சை.

அந்தப் பெண் மண்ணில் மண்டியிட்டுவிட்டார். "முளைச்சிருக்கு சார். மூணு வருஷம் நாம என்னென்னவோ பண்ணினோம். பிசிறைச் சுத்தமா எடுத்துட்டு ஈரக்குப்பையில போடணும்னு தோணலையே!"

தங்கையின் மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று அவசரத்துக்குத் தோன்றியது. அந்தச் செடிக்கும் எறும்புக்கும் சேர்த்தே போட்டார், மனசுக்குள்.

"நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் இயக்குநர். "என்னை மன்னிச்சுடுங்கம்மா."

"அது அப்புறம் சார். இப்ப காத்து அடிச்சா எல்லாம் பறந்துடும். பொட்டலம் கட்ட ஒரு காகிதம் கொடுங்க."

இயக்குநர் பைகளைத் தடவினார். கையில் அகப்பட்டது அந்தக் கடிதம் ஒன்றுதான். ஒரு கணம் தயங்கி நீட்டினார். அந்தப் பெண் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கூம்பாகச் சுருட்டி, அடியை மடக்கி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பிடிச்சுக்குங்க. நான் பொறுக்கிப் போடறேன்."