பட்டாணிக்கு இல்லாத பூனை

பட்டாணி பள்ளி வாசலில் கால் வைத்ததுமே வகுப்புத் தோழி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் பூனைக்கு இப்ப எப்படி இருக்கு?”

“எந்தப் பூனை?”

“அதான், மூணு கால் பூனை. மேலாளர்னு பேரு வெச்சிருக்கியே. எங்கம்மா படிச்சுட்டு அழுதுட்டாங்க தெரியுமா?”

பட்டாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளிடம் பூனையே கிடையாது. ஒரே ஒரு பூனை முடி காற்றில் பறந்து வந்தால்கூட அம்மாவுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். அதனால்தான் அவள் மாடிப்படியில் உலவும் பூனைகளைத் தள்ளி நின்று பார்த்து, அவற்றைப் பற்றி ஒரு வலைப்பூவில் எழுதிவந்தாள். அதை அம்மா படிப்பாள், அப்பா படிப்பார், சித்தி படிப்பாள். அவ்வளவுதான்.

“எனக்குப் பூனையே இல்லையே” என்றாள் பட்டாணி.

தோழியின் முகம் வாடிப்போனது. “ஐயோ, செத்துப்போச்சா?”

“சாகறதுக்கு முதல்ல அது இருக்கணும்ல?”

தோழி பாதியைத்தான் காதில் வாங்கினாள். முதல் மணி அடிப்பதற்குள் பட்டாணியின் பூனை இறந்துவிட்ட செய்தி வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு பையன் பாதி தின்ற பிஸ்கட்டை அவள் கையில் வைத்து, “மனசைத் தேத்திக்கோ” என்றான். பின்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பாசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ இவ்வளவு நல்லா எழுதுவன்னு எனக்குத் தெரியாது. பள்ளி மலர்ல போடலாம்னு இருக்கேன்.”

“அது நான் எழுதல டீச்சர்.”

“இவ்வளவு அடக்கம் வேண்டாம்மா” என்று அவர் அவள் தோளைத் தட்டினார்.

“அடக்கம் இல்ல டீச்சர், நிஜமாவே நான் எழுதல.”

“சரி சரி, போய் உட்காரு” என்றார் ஆசிரியை, இன்னும் பெரிதாகச் சிரித்தபடி.

அன்று முழுக்க அப்படித்தான். உண்மையைச் சொல்லச் சொல்ல, எல்லோரும் அவளை இன்னும் கொஞ்சம் நல்லவளாக ஆக்கினார்கள். மாலையில் பள்ளி விட்டபோது பட்டாணிக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆளால்தான் இப்படி ஒரு குழப்பத்தை உண்டாக்க முடியும். அந்த ஆள் அவளுடைய அண்ணன்.

வீட்டில் அம்மா யாருடைய வீட்டுக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. அண்ணன் கணினி முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அண்ணா, என் வலைப்பூவுல என்ன பண்ணி வெச்சிருக்க?”

“முன்னேற்றம்” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. வலைத்தளம் அமைப்பதில் தான் ஒரு புலி என்பது அவன் நினைப்பு. அதிலும் பிளகின் என்றால் அவனுக்கு உயிர். பிளகின் என்பது வலைத்தளத்தில் செருகி வைக்கும் ஒரு குட்டிச் செயலி. செருகிவிட்டால், சொன்ன வேலையைத் தானாகவே செய்யும். போன மாதம் அவன் செருகிய பிளகின், பக்கம் முழுக்கப் பனி கொட்டியது. எழுத்தே தெரியவில்லை என்று சித்தி புகார் சொன்னாள். அடுத்தது, யாராவது பக்கத்தை மூடப் போனால் ‘அதற்குள் போகிறீர்களா?’ என்று வழிமறித்துக் கேட்டது. அப்பா அதற்குப் பயந்து பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

“இந்தத் தடவை என்ன செருகின?”

“ரெண்டு. ஒண்ணு, பூனையைப் பத்தி யார் புதுசா எழுதினாலும் தேடிப் பிடிச்சு நம்ம பக்கத்துல போட்டுடும். இன்னொண்ணு, அதை நாலா பக்கமும் பகிர்ந்துடும். நீ ஒரு வரிகூட எழுத வேண்டாம். எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு பாரு. எனக்கு ஒரு நன்றி சொல்லலாம் நீ.”

“எழுதினவங்க பேரு எங்க?”

“கீழ வரும். ஒரு மாதிரி அசிங்கமா இருந்துச்சு. அதான் எடுத்துட்டேன்.”

பட்டாணி அவனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ‘எழுதியவர்: பட்டாணி’ என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே, அவள் ஒருநாளும் எழுதாத கதை.

ஒரு வண்டி மோதி முன்னங்கால் ஒன்றை இழந்த பூனையின் கதை அது. எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து வீட்டில் நடப்பதையெல்லாம் மேற்பார்வை பார்க்குமாம். அதனால் மேலாளர் என்று பெயர். நல்ல எழுத்துதான். தோழியின் அம்மா அழுததில் வியப்பில்லை. கடைசிப் பத்தியில் பட்டாணியின் கண் நின்றது.

‘மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு மேலாளர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கிண்ணத்தின் முன்னால் போய் நிற்கிறான். குனியப் பார்க்கிறான். பிறகு திரும்பிப் போய்விடுகிறான். என்ன செய்வது என்று யாருக்காவது தெரியுமா?’

கீழே பின்னூட்டங்கள் வரிசையாக இருந்தன. ‘பாவம்.’ ‘அழுதுவிட்டேன்.’ ‘பட்டாணி, நீ நன்றாக எழுதுகிறாய்.’ நடுவில் ஒன்று மட்டும் நீளமாக இருந்தது.

‘நான் கால்நடை மருத்துவர். முன்னங்கால் இல்லாத பூனை தலையைக் குனிந்தால் முன்பக்கமாகச் சாயும். அந்தப் பயத்தில் சாப்பிடாமல் இருக்கலாம். கிண்ணத்தை அதன் மார்பு உயரத்துக்கு ஒரு பெட்டிமேல் வையுங்கள். தரை வழுக்காதபடி கீழே ஏதாவது விரியுங்கள். உணவை லேசாகச் சூடாக்குங்கள், வாசனை வரும். அப்படியும் சாப்பிடாவிட்டால் நாளைக் காலையே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பூனை பட்டினி கிடந்தால் கல்லீரல் கெட்டுவிடும்.’

பட்டாணி அதை இரண்டு முறை படித்தாள்.

“அண்ணா, இதை எழுதினவங்க இந்தப் பதிலைப் பார்த்திருப்பாங்களா?”

“அவங்க எதுக்கு நம்ம பக்கத்துக்கு வரப் போறாங்க?”

“அப்ப அந்தப் பூனை?”

அண்ணன் தன் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டான்.

பிளகினின் அமைப்புகளுக்குள் தேடி, கதை எங்கிருந்து வந்தது என்று அவனே கண்டுபிடித்தான். ‘கடைசி நிறுத்தம்’ என்று ஒரு வலைப்பூ. எழுதுகிறவர் வேறு ஊரில் பேருந்து ஓட்டும் ஒரு பெண். அதே மேலாளர், அதே கேள்வி. கீழே, ‘பின்னூட்டங்கள் எதுவும் இல்லை.’

உதவி கேட்டது ஒரு வீட்டில். பதில் வந்து குவிந்தது இன்னொரு வீட்டில்.

“மாட்டிக்கிட்டோம்” என்றான் அண்ணன். அவன் கை எலிப்பொறிக்குள் போவதுபோல, நீக்கும் பொத்தானை நோக்கி மெதுவாகப் போனது. “பேசாம தூக்கிடலாம். யாருக்கும் தெரியாது.”

“தூக்கினா கமெண்ட்டும் சேர்ந்து போயிடுமா?”

“எல்லாம் போயிடும்.”

“அப்ப கையை எடு.”

அவன் எடுத்தான்.

முதலில் மருத்துவரின் பதிலைப் படியெடுத்துப் பத்திரமாக வைத்தாள். பிறகு ‘கடைசி நிறுத்த’த்தில் ஒரு பின்னூட்டம் போட்டாள். ‘உங்கள் கருத்து ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்தது.

“அவங்க பஸ் ஓட்டிட்டு இருப்பாங்க. இப்பவா ஒப்புதல் கொடுப்பாங்க?” என்றாள் எரிச்சலாக.

“தொடர்புக்குன்னு ஒரு இடம் இருக்கு பாரு. அதுல எழுதினா மின்னஞ்சலாப் போகும்” என்றான் அண்ணன். “நான் எழுதறேன். மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், தொழில்நுட்பக் கோளாறு ஒன்றின் காரணமாக...”

“கோளாறா? அது நீதானே?”

அவன் எழுதியதை முழுக்க அழித்துவிட்டுப் பட்டாணி புதிதாக எழுதினாள். மேலாளர் சாப்பிட என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதுதான் முதலில். அதற்குப் பிறகு, உங்கள் கதை எங்கள் பக்கத்தில் என் பெயரில் வந்துவிட்டது, அது எங்கள் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று இரண்டே வரி.

அனுப்பப் போனால் அங்கேயும் ஒரு பிளகின் நின்றது. நீங்கள் மனிதர்தானா, போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தொடுங்கள் என்றது. அண்ணன் தொட்டான். தவறு என்றது. மறுபடி தொட்டான். மறுபடியும் தவறு.

“கம்பமும் விளக்குல சேருமா?” என்று கேட்டான் பரிதாபமாக.

“அங்க ஒரு பூனை பட்டினி கிடக்கு. நீ கம்பத்துல ஆராய்ச்சி பண்ணு.”

வாயில் குண்டூசியோடு அம்மா எட்டிப் பார்த்து, மூலையில் இருந்த ஒரு படத்தை விரலால் காட்டினாள். அங்கே துளியூண்டு விளக்கு ஒன்று ஒளிந்திருந்தது. கடிதம் போனது.

அடுத்துத் தன் பக்கத்துக்கு வந்தாள். கதையை எடுத்துவிட்டு, பின்னூட்டங்களை அப்படியே விட்டாள். கதை இருந்த இடத்தில் எழுதினாள்: ‘நீங்கள் படித்தது நான் எழுதியது இல்லை. எனக்குப் பூனை கிடையாது, அதனால் அது சாகவும் இல்லை. எழுதியவர் கடைசி நிறுத்தம் என்ற வலைப்பூ வைத்திருக்கும் பேருந்து ஓட்டுநர். கேட்காமல் எடுத்துப் போட்டது தப்பு. நீங்கள் பாராட்டியது அவரைத்தான். தயவுசெய்து அங்கே போய்ச் சொல்லுங்கள்.’ பக்கத்துக்குப் போகும் வழியையும் கொடுத்தாள்.

“எல்லாரும் அங்க போயிடுவாங்க. நமக்கு மறுபடியும் மூணு பேர்தான்” என்றான் அண்ணன்.

“ரெண்டு. அப்பா உன் பிளகினுக்குப் பயந்து வர்றதில்ல.”

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பிளகினையும் கழற்றினான். அவள் சொல்லாமலேயே, பக்கத்தை மூடும்போது வழிமறிக்கும் பிளகினையும் சேர்த்துக் கழற்றினான்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பதில் வந்தது. பட்டாணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தாள்.

‘என் பூனை. என் எழுத்து. உன் பெயர். மதியமே ஒருவர் எனக்கு இதைக் காட்டிவிட்டார். கோபத்தில் கீழே இருந்த பின்னூட்டங்களை நான் படிக்கவே இல்லை. மாலை வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேருந்து ஓட்டினேன். உன்னை ஆசைதீரத் திட்டவேண்டும் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உன் கடிதம் இருந்தது. கிண்ணத்தைச் செருப்புப் பெட்டிமேல் வைத்தேன். கீழே கால்மிதியை விரித்தேன். இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். மெல்லும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. மீதித் திட்டை அவன் முடித்த பிறகு எழுதுகிறேன்.’

“என்ன சொல்றாங்க?” என்றான் அண்ணன், கதவுக்குப் பின்னாலிருந்து.

“சாப்பிடறான்” என்றாள் பட்டாணி. அவளுக்கும் அப்போதுதான் பசிப்பது தெரிந்தது.

மீதித் திட்டு வந்து சேர்ந்தது. அண்ணனுக்கு உரிய பங்கையும் அவள் அவனிடம் வரி விடாமல் படித்துக் காட்டினாள். அவன் காதைச் சொறிந்துகொண்டு முழுக்கக் கேட்டான். பள்ளியில் ஆசிரியை இந்த முறை அவள் சொன்னதை நம்பினார். மலரில் போடுவதற்கு ஓட்டுநரிடமே அனுமதி கேட்டு எழுதினார். தோழி மட்டும், “அப்ப அந்தப் பூனை சாகலையா?” என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அந்த வார இறுதியில் ‘கடைசி நிறுத்த’த்தில் ஒரு புதிய பதிவு வந்தது. செருப்புப் பெட்டியின் முன்னால் மேலாளர் மூன்று காலில் நிமிர்ந்து நின்று, படம் எடுப்பவரை அதட்டுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் கீழே நிறையப் பின்னூட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலே சிறிய எழுத்தில் இப்படி இருந்தது:

‘யோசனை: ஒரு கால்நடை மருத்துவர். அதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவர்: பட்டாணி. படமும் கோபமும்: என்னுடையவை.’

அண்ணன் மேலும் கீழுமாகத் தேடினான். “என் பேரு எங்க?”

“கேட்டு எழுதட்டுமா? பிளகின் செருகியவர்னு போடச் சொல்றேன்.”

“வேண்டாம், வேண்டாம்” என்றான் அவன் அவசரமாக.

பட்டாணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயர் இருந்த அந்த வரியை இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள்.